தோன்றா எழுவாய்

2019 நவம்பரில் மக்களவையில் எழுத்துமூலம் ஒரு பதில் தரப்பட்டது. சந்திரயான்-2இன் தரையிறங்கு கலமான விக்ரம் ஏன் நிலவில் மோதியது என்ற கேள்விக்கான பதில் அது. கலம் நிலவின் பரப்புக்கு 30 கிலோமீட்டர் உயரத்தில் இறங்கத் தொடங்கியது, 7.4 கிலோமீட்டர் உயரம் வரை எல்லாம் திட்டப்படி நடந்தது. நொடிக்கு 1,683 மீட்டராக இருந்த வேகம் 146 மீட்டராகக் குறைந்தது. இரண்டாம் கட்டத்தில் வேகம் வடிவமைப்பில் குறித்ததைவிட அதிகமாகக் குறைந்துவிட்டது. அதனால் அடுத்த கட்டம் தொடங்கும்போதே நிலைமை வரம்பு மீறியிருந்தது. குறித்த இடத்துக்கு 500 மீட்டருக்குள் கலம் மோதி விழுந்தது.

எண்களில் துல்லியம் இருக்கிறது. வாக்கியங்கள் கச்சிதமானவை. பொய் என்று சுட்ட ஒரு சொல்லும் இல்லை. ஆனால் கேள்வி ‘ஏன்’ என்று கேட்டது. பதில் ‘எப்படி’ என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டது. வேகம் அளவுக்கு மீறிக் குறைந்தது எதனால் என்று வாசகன் நிமிரும் இடத்தில் வாக்கியம் முடிந்துவிடுகிறது.

அந்த ‘ஏன்’ 2023 ஜூலையில்தான் வந்தது. சந்திரயான்-3 புறப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன் இஸ்ரோவின் அன்றைய தலைவர் எஸ். சோமநாத் செய்தியாளர்களுக்கு விளக்கினார். ஐந்து என்ஜின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை தந்தன. பிழைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. அவற்றைத் திருத்தக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தபோது, திரும்பும் வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். இறங்க ஒதுக்கிய இடமோ 500க்கு 500 மீட்டர் என்ற சிறிய சதுரம். வெற்றி பெறும் என்று நம்பி வடிவமைத்தது முந்தைய கலம், எங்கெல்லாம் தோற்கலாம் என்று எண்ணி வடிவமைத்தது புதியது என்றார். இறங்குமிடம் இப்போது 4 கிலோமீட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர். 2023 ஆகஸ்ட் 23 அன்று கலம் பத்திரமாக இறங்கியது.

சோமநாத்தின் விளக்கம் தெளிவானது, தன் நிறுவனத்தின் குறையை மறைக்காதது. அதன் குறை இரண்டு: ஏறத்தாழ நான்கு ஆண்டு தாமதம், வாய்மொழி. ஆய்வுக் குழுவின் முழு அறிக்கை அச்சில் நம் கைக்கு வரவில்லை. பெங்களூரு நியூ பிஇஎல் சாலையில் உள்ள அந்தரிக்ஷ் பவனைத் தலைமையகமாகக் கொண்ட ஒரு நிறுவனம், முடிந்துபோன தன் வேலைகளைத் தானே எடைபோடும் முறையை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேணிவருகிறது. இந்தியாவில் வேறெந்தப் பொதுநிறுவனமும் தன் தோல்வியை இவ்வளவு ஒழுங்காக ஆராய்ந்ததில்லை என்றே நினைக்கிறேன். அதனாலேயே அதைக் கடுமையான அளவுகோலால் அளக்கலாம், அது தாங்கும்.

முறையின் மூலப் பிரதி எஸ்எல்வி-3. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட அந்த ராக்கெட்டில் முதல் கட்டம் சரியாக எரிந்தது; இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு போயிற்று; 317 நொடியில் கதை முடிந்து ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. எஸ். கே. ஆதித்தன் தலைமையில் கூடிய குழு காரணத்தைத் தேடிப் படிப்படியாகக் கீழே இறங்கியது. கட்டுப்பாடு ஏன் போனது? இரண்டாம் கட்டத்தைத் திருப்புவதற்கு வேண்டிய விசை இல்லை. விசை ஏன் இல்லை? அதைத் தர வேண்டிய நைட்ரிக் அமிலம் முன்பே ஒழுகிப் போயிருந்தது. ஏன் ஒழுகியது? தொட்டியின் சோலனாய்டு வால்வு மூடவில்லை. ஏன் மூடவில்லை? புறப்பட 8 நிமிடம் இருக்கும்போது முதல் கட்டளைக்குத் திறந்த அந்த வால்வில் மாசு சிக்கிக்கொண்டது.

கடலுக்கடியில் போய்விட்ட ஒரு பொருளைப் பற்றி, சில நிமிடச் சமிக்ஞைகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு வால்வில் ஒட்டிய அழுக்குவரை போய்ச் சேர்ந்தது சாதாரண வேலையன்று. ஒவ்வொரு படியும் அடுத்த படியைக் கட்டாயமாக்குகிறது. நடுவில் தாவல் இல்லை. ஓராண்டு நிறைவதற்குள், 1980 ஜூலை 18 அன்று, அதே ராக்கெட் 35 கிலோ ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. ஆய்வு சரியா என்பதற்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது.

ஆனால் அந்த 8 நிமிடத்தில் மனிதர்களும் இருந்தார்கள். ஒழுகல் அப்போதே தெரிந்திருந்தது. திட்ட இயக்குநராக இருந்த அப்துல் கலாம் பிற்காலப் பேச்சுகளில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார்: கணினி நிறுத்தச் சொன்னது, அருகிலிருந்த நிபுணர்கள் கையிருப்பு போதும் என்றார்கள், கணினியை மீறி ஏவ அவர் முடிவெடுத்தார். மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து, ஏவுதலை நிறுத்தியிருக்க வேண்டியவன் நான்தான் என்று பொறுப்பேற்றதையும், மூத்த விஞ்ஞானி பிரம்ம பிரகாஷ் தமக்குத் துணைநின்றதையும் அவர் தன்வரலாற்றில் எழுதினார். அந்த நூல் வெளிவந்தது 1999இல். வால்வின் கதை சில வாரங்களில் தெரிந்துவிட்டது; வால்வைப் பார்த்தும் ஏவலாம் என்று சொன்ன வாய்களின் கதை வெளியுலகுக்கு வர இருபது ஆண்டு ஆயிற்று. அதுவும் கலாம் குடியரசுத் தலைவராகும் அளவுக்குப் புகழ் பெற்றவர் என்பதால் வந்தது. அன்று போதும் என்று சொன்ன நிபுணர்கள் எந்தக் கணக்கை வைத்துச் சொன்னார்கள், யாராவது மறுத்தார்களா, மறுத்தவர் குரல் எங்கே அமுங்கியது? அடுத்த ஏவுதலில் கன்சோல் முன் உட்காரப் போகும் இளைஞருக்கு வால்வைவிட இவை முக்கியமானவை.

தமிழ் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. ‘வந்தான்’ என்றால் அவன் யார் என்று சொல்லாவிட்டாலும் விகுதி அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். இஸ்ரோ வெளியிட்ட அறிக்கைச் சுருக்கங்களின் ஆங்கிலத்தில் அந்த வசதிகூட இல்லை. 2006 ஜூலை 10 அன்று ஜிஎஸ்எல்வி-எஃப்02 ஒரு நிமிடமளவில் வீழ்ந்ததற்கு, ஒரு திரவ என்ஜினின் எரிபொருள் ஒழுங்கியில் தயாரிப்பின்போது தெரியாமல் நேர்ந்த பிழை காரணம் என்றது அறிக்கை. 2010 டிசம்பர் 25 அன்று ஜிஎஸ்எல்வி-எஃப்06 வீழ்ந்ததை ஜி. மாதவன் நாயர் தலைமையிலான குழு ஆராய்ந்தது. ரஷ்ய கிரையோஜெனிக் கட்டத்தின் அடியில் பத்து இணைப்பிகள் எதிர்பாராமல் கழன்றுகொண்டன; அதனால் கணினியின் கட்டளைகள் கீழே போகவில்லை என்றது. இரண்டிலும் காரணச் சங்கிலி நன்றாகக் கோத்தது. இரண்டிலும் பிழை தானே நேர்கிறது, இணைப்பி தானே கழல்கிறது. தயாரிப்புப் பிழை எந்தச் சோதனை மேசைகளைத் தாண்டி வந்தது, அந்த மேசைகளில் இருந்தவர்களுக்கு எத்தனை நேரம் தரப்பட்டிருந்தது, அவர்கள் இப்போது என்ன சொல்கிறார்கள் என்பதற்கு வாக்கியத்தில் இடமே இல்லை.

இதற்கு ஒரு நியாயம் உண்டு, அதை முழுதாகச் சொல்லிவிட வேண்டும். பெயரைச் சொன்னால் பழி வரும். பழி வந்தால் அடுத்த முறை எவரும் வாய் திறக்கமாட்டார். வாய் திறக்காத இடத்தில் ஆய்வே நடக்காது. 1979இல் செய்தியாளர்முன் தோல்வியைத் தாமே ஏற்று நின்ற அன்றைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான், அடுத்த ஆண்டு வெற்றியைச் சொல்லக் கலாமை அனுப்பினார். அந்தச் செயல் இந்த நியாயத்தின் மேல்தான் நிற்கிறது. மீளாய்வு அறைக்குள் இளையவர் மூத்தவரை மறுத்துப் பேசலாம் என்ற மரபைத் தவான் காலத்தில் பணியாற்றியவர்கள் பதிந்திருக்கிறார்கள். மரபு மெய்யானது, அதன் பலனை எண்பதுகளின் இறுதியில் இருமுறை வீழ்ந்த ஏஎஸ்எல்வி ராக்கெட்டும் பெற்றது, 1992 மே மாதத்தில் எழுந்து நின்றது.

ஆயினும் குற்றம் சுமத்துவது வேறு, சாட்சியம் கேட்பது வேறு. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்க விண்வெளி ஓடம் சேலஞ்சர் வெடித்தபின் அமைந்த ரோஜர்ஸ் ஆணையம், ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போனது என்று எழுதிவிட்டு எழுந்துவிடவில்லை. முந்தின இரவு தொலைபேசிக் கூட்டத்தில் அதன் உந்து ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் குளிரைக் காட்டி ஏவ வேண்டாம் என்று சொன்னதையும், மேலாளர்கள் அதைப் புரட்டிப்போட்டதையும் வாக்குமூலமாக வாங்கி அச்சிட்டது. 2003இல் கொலம்பியா ஓடத்தின் விபத்தை ஆராய்ந்த வாரியம் இன்னும் ஒரு படி மேலே போனது: பெயர்ந்து விழுந்த நுரைக்கட்டி எவ்வளவு காரணமோ, நிறுவனத்தின் பழக்கவழக்கமும் அவ்வளவு காரணம் என்று தீர்ப்பளித்தது. இரண்டு விபத்திலும் ஏழேழு உயிர்கள் போயின; நம் தோல்விகளில் விண்கலத்தில் மனிதர் இல்லை. இந்த வேறுபாடு பெரியது. மனிதரை ஏற்றிக்கொண்டு ககன்யான் பறக்கும் நாளில் அது இருக்காது.

வெளியிடுவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு ஒப்பீடு போதும். 1993 செப்டம்பர் 20 அன்று பிஎஸ்எல்வியின் முதல் பறப்பு தோற்றது. இரண்டாம் கட்டம் பிரியும் நேரத்தில் ராக்கெட் குலுங்கியது, அதை நேராக்க வேண்டிய தானியங்கி மென்பொருளில் ஓர் எண் தன் எல்லையைத் தாண்டி வழிந்தது, கட்டளை தலைகீழாயிற்று. அடுத்த ஆண்டு அக்டோபரில் திருத்திப் பறக்கவிட்டார்கள். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன்-5 முதல் பறப்பிலேயே சிதறியது. காரணம், 64 பிட் எண்ணை 16 பிட் பெட்டியில் அடைக்கப் போய் வழிந்தது. பிழைகள் ஒரே குடும்பம். ஏரியன் அறிக்கையை ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான வாரியம் ஆறே வாரத்தில் முடித்து முழுதாக வெளியிட்டது. இன்று உலகெங்கும் மென்பொருள் வகுப்பில் அது பாடம். பெங்களூருவின் ஐடி நிறுவனங்களில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகளும் ஏரியனைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். மூன்றாண்டு முன்னதாக, தங்கள் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் இதே பாடத்தை வங்கக் கடலில் கற்றது என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? ஆய்வின் தரத்தில் நம்முடையது குறைந்ததன்று. பிரதியாக வெளியே வராததால் அது பிறர் அறிவில் சேரவில்லை.

அண்மைக் காலப் பிரதிகளில் தரமானது என்று எஸ்எஸ்எல்வி-டி1 அறிக்கையைச் சொல்வேன். 2022 ஆகஸ்ட் 7 அன்று பறந்த அந்தச் சிறு ராக்கெட், 356 கிலோமீட்டர் வட்டப் பாதையில் விட வேண்டிய செயற்கைக்கோள்களை 356க்கு 76 என்ற நீள்வட்டத்தில் விட்டது, அவை நிலைக்கவில்லை. காரணம் இரண்டாம் கட்டம் பிரியும்போது எழுந்த நொடிப்பொழுது அதிர்வு. முடுக்கமானிகள் அளவுமீறித் திணறின; கணினியின் தர்க்கம் அதைத் திணறல் என்று கொள்ளாமல், கருவிகள் கெட்டுவிட்டன என்று முடிவுகட்டி அவற்றைக் கைவிட்டது; ராக்கெட் கண்ணைக் கட்டிக்கொண்டு பறந்தது. கருவி கெடவில்லை, கருவியைப் பற்றிய அவசரத் தீர்ப்புதான் கெடுத்தது என்பதை அறிக்கை ஒளிக்காமல் சொல்கிறது. என்ன மாற்றப்போகிறார்கள் என்பதையும் சொல்கிறது: பிரிக்கும் அமைப்பு மாறும், தர்க்கம் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும். 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாம் பறப்பு வென்றது. அறிக்கை அதற்கு முன்பே வெளிவந்திருந்தது. தோல்வி, காரணம், திருத்தம், சோதனை என்ற நான்கும் ஒரு வாசகன் கண்முன் ஒரே ஆண்டுக்குள் நடந்தேறின. முழுமைக்கு மிக அருகில் வந்த பிரதி இது.

இதிலும் ஒரு வெற்றிடம். அந்த ராக்கெட்டில் ஆசாதிசாட் என்ற சிறு செயற்கைக்கோளும் இருந்தது. நாடெங்கும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர் அதன் பகுதிகளைச் செய்தவர்கள்; மதுரைக்குப் பக்கத்துத் திருமங்கலம் அரசுப் பள்ளிப் பெண்களும் அவர்களில் உண்டு. சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா ஒருங்கிணைத்தது. திட்டத்தில் பங்கெடுத்தவர்கள் யார் என்று ஒரு பட்டியல் போட்டால் அவர்கள் பெயரும் வரும். நிரல் எழுதிய அந்த மாணவியருக்கு ஒரு விளக்கம் தருவது கடமை. அந்த விளக்கம் அவர்கள் படிக்கும் மொழியில் ஒரு பக்கம் இருந்திருந்தால் அறிக்கையின் தரம் ஒன்றும் தாழ்ந்திருக்காது.

பங்கெடுத்தவர்களைக் கேட்பது என்றால் பெங்களூருவிலேயே இன்னொரு மரபு இருக்கிறது. ஐஐஎம் அகமதாபாத்தின் இயக்குநராக இருந்து, உலக வங்கியிலும் பணியாற்றி, பின் இந்த ஊரில் வந்து குடியேறிய சாமுவேல் பால் 1993இல் ஒரு காரியம் செய்தார். குடிநீர், மின்சாரம், தொலைபேசி, மாநகராட்சி ஆகியவற்றின் தரம் என்ன என்று வீட்டுக்காரர்களிடம் கேட்டு அலுவலகங்களுக்கு மதிப்பெண் போட்டார். குடிசைப் பகுதி மக்களைத் தனியாகக் கேட்டார். லஞ்சம் கொடுத்தீர்களா என்றும் கேட்டார். 1994இல் வெளிவந்த அந்த மதிப்பெண் அட்டையில் பெங்களூர் வளர்ச்சி ஆணையம் கடைசியில் கிடந்தது. பால் அமைத்த பொது விவகார மையத்தை முதலில் அழைத்துப் பேசியதும் அந்த ஆணையம்தான். 1999இலும் 2003இலும் திரும்ப மதிப்பெண் போட்டார்கள். ஒரே கேள்வியைப் பத்தாண்டில் மூன்று முறை கேட்டதுதான் அதன் பெருமை.

முறையாக இதை இஸ்ரோவின் ஆய்வோடு வைத்தால் ஒன்றின் பலம் மற்றதன் பலவீனமாக அமைந்திருப்பது தெரியும். அட்டை மக்களைக் கேட்டது, எந்திரத்தைக் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்ற அதிருப்தியைச் சதவீதமாகச் சொல்லும். எந்த வால்வு மூடவில்லை என்று சொல்லாது. முழுக்க வெளியில் நடந்தது, நாளிதழில் வந்தது, எதிர்த்து வாதிட எவருக்கும் வழியிருந்தது. ராக்கெட் ஆய்வோ வால்வை அறியும், வெளிச்சத்துக்கு வரத் தயங்கும். இரண்டும் ஒரே ஆளைத் தவறவிட்டன. அட்டை நுகர்வோரைக் கேட்டது. ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்த எழுத்தரை, குழாய் திறந்துவிடும் வால்வுமேனைக் கேட்கவில்லை. ராக்கெட் அறிக்கை கருவியைக் கேட்டது. இணைப்பியைப் பொருத்திய தொழில்நுட்பரின் குரலை வெளியே விடவில்லை. வேலையைக் கையால் செய்தவர் இரண்டு பிரதிகளிலும் தோன்றாத எழுவாய்.

ராக்கெட் விஷயத்தில் இரகசியம் வேண்டும் என்ற வாதத்துக்கு வலு உண்டு. ஏவுகணையும் ராக்கெட்டும் ஒரே குலம். 1992இல் ரஷ்யாவுடனான கிரையோஜெனிக் ஒப்பந்தத்துக்காக அமெரிக்கா இஸ்ரோமீது தடை போட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. என்ஜினின் வரைபடத்தை வெளியிடு என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் நிறுத்தலாமா என்ற கேள்வி எந்த மேசையில் எழுந்தது, யார் கையெழுத்தில் அடங்கியது என்பதில் எந்தப் பகைநாட்டுக்கும் உதவும் செய்தி இல்லை. இரகசியம் என்ற போர்வை எந்திரத்துக்காக நெய்தது. மனிதர்களின் முடிவுகளும் அதற்குள் வந்து படுத்துக்கொண்டன.

ஆகவே என் மதிப்பீடு இது. காரணத்தை அடிவரை தேடும் முறையில் இஸ்ரோவின் மீளாய்வு முதல் தரம். எஸ்எல்வி-3 முதல் எஸ்எஸ்எல்வி வரை அதன் தர்க்கம் ஒருமுறைகூடச் சோம்பியதாகத் தெரியவில்லை. பங்கெடுத்தவர்களின் சாட்சியத்தைப் பதிவதில், வெளிவந்த பிரதிகளைக் கொண்டு சொன்னால், அது தேறவில்லை. வெளியிடுவதில் சீரில்லை: சிறு ராக்கெட்டுக்குப் பல பக்கம், 2021 ஆகஸ்டில் வீழ்ந்த ஜிஎஸ்எல்வி-எஃப்10க்கு ஒரு நல்ல சுருக்கம், நாடே விழித்திருந்து பார்த்த நிலவுக் கலத்துக்குச் சில வாக்கியம். கவனிக்கும் கண்கள் கூடக்கூட வார்த்தைகள் குறைகின்றன. 2025 மே 18 அன்று பிஎஸ்எல்வி-சி61இன் மூன்றாம் கட்டத்தில் அழுத்தம் விழுந்தது, குழு கூடியது, அவ்வாண்டு முடியும்வரை சுருக்கம்கூட நம் பார்வைக்கு வரவில்லை. 2026 ஜனவரி 12 அன்று சி62 தடுமாறியதும் மூன்றாம் கட்டத்தின் இறுதியில்தான். இரண்டுக்கும் உறவு உண்டா இல்லையா என்று நான் சொல்ல முடியாது. ஒரு வாசகன் அதைச் சோதித்துப் பார்ப்பதற்கான பிரதி மேசையில் இல்லை என்பதைத்தான் சொல்ல முடியும்.

பிரதி மேசையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் விக்ரமே எடுத்துக்காட்டு. கலம் மோதிய பின் 2019 செப்டம்பரில் நாசா அந்தப் பகுதியின் படத்தைப் பொதுவில் வைத்தது. சென்னையைச் சேர்ந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் பழைய படத்தையும் புதியதையும் அருகருகே வைத்துப் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டார். முன்பு இல்லாத ஒரு வெளிறிய புள்ளி கண்ணில் பட்டது, நாசாவுக்கு எழுதினார். டிசம்பர் தொடக்கத்தில் நாசா அதை உறுதிசெய்து அவர் பெயரைச் சொன்னது. மோதிய மையத்துக்கு ஏறத்தாழ 750 மீட்டர் வடமேற்கில் கிடந்த சிதறல் அது. தன் சுற்றுகலம் செப்டம்பரிலேயே கலத்தைக் கண்டுவிட்டது என்றது இஸ்ரோ. அந்தப் படத்தை அப்போது வெளியிடவில்லை. சென்னையில் அவர் கணினித் திரையில் இருந்தவை இரண்டு படங்கள். இரண்டும் அமெரிக்காவிலிருந்து வந்தவை.